கடன் வாங்குமுன் கேட்க வேண்டிய தாள்

ஆசிரியருக்கு,

வணக்கம். நுகர்வோர் பாதுகாப்பு, நிதிக் கல்வி என்ற பெயரில் வடசென்னையில் நடப்பது பெரும்பாலும் ஒரு ஷாமியானா, ஒரு பேனர், சேமிப்பின் அருமை பற்றி அரை மணி நேரப் பேச்சு, முடிவில் டீயும் பிஸ்கட்டும். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கும் வியாசர்பாடியில் இட்லிக் கடை போட்டிருப்பவர்களுக்கும் சேமிப்பைப் பற்றிப் பாடம் தேவையில்லை. மாதச் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று எதிலாவது பணம் கட்டிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். அவர்கள் கைக்காசு கரைவது கடன் வாங்குகிற இடத்தில். அந்த இடத்துக்கென்றே ரிசர்வ் வங்கி 'முக்கிய விவரத் தாள்' என்ற ஒரு தாளை விதித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் படிக்கவும் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்தத் தாள் ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். 2010இல் ஆந்திராவில் குறுங்கடன் (ஏழைக் குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தரும் சிறுகடன்) வசூல் கட்டுமீறிப் போய், மாநில அரசே அவசரச் சட்டம் போட்டது. அடுத்து, இதை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழுவின் அறிக்கை வந்தது. 2011இல் குறுங்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு 26 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது. பின்னர் அது வேறு கணக்குமுறைக்கு மாறி, 2022 ஏப்ரல் 1 முதல் உச்சவரம்பே எடுக்கப்பட்டுவிட்டது. இன்று வட்டியை நிறுவனத்தின் இயக்குநர் குழுதான் முடிவு செய்கிறது. கொள்ளை வட்டியாக இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளே மிச்சம். முதலாவதற்கு எண்ணில் எல்லை கிடையாது. ஆகவே நடைமுறையில் கடன் வாங்குபவருக்கு இருக்கிற ஒரே காவல் அந்த எழுத்து. அதைப் படிக்கத் தெரியாவிட்டால் காவலே இல்லை என்றுதான் பொருள்.

அந்த எழுத்துதான் முக்கிய விவரத் தாள். வங்கிக்காரர்கள் 'கேஎஃப்எஸ்' என்பார்கள். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் தரப்படும் எல்லாப் புதிய தவணைக் கடனுக்கும் இது கட்டாயம். வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். இதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் பின்னால் அவர் சம்மதமின்றி வசூலிக்க முடியாது. எல்லாவற்றையும்விட உபயோகமான விதி, பலர் கேள்விப்படாதது: ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலமுள்ள கடனுக்கு, இந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். அதாவது தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், கணக்குத் தெரிந்த பிள்ளையிடம் காட்டலாம், பக்கத்துக் கம்பெனித் தாளோடு ஒப்பிடலாம். "இன்னிக்கே போட்டாத்தான் கிடைக்கும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அது விதிக்குப் பொருந்தாத பேச்சு.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது 'ஆண்டுச் சதவீத விகிதம்' என்ற வரி. ஏன் என்று ஒரு கணக்கோடு சொன்னால்தான் விளங்கும். நம் பக்கத்தில் வட்டி என்றால் "நூத்துக்கு ஒரு ரூபா", "ரெண்டு ரூபா" என்றுதான் பேச்சு. அடகுக் கடையில் அந்தப் பேச்சு சரி. அசல் அப்படியே நிற்கிறது, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். தவணைக் கடனில் அதே வார்த்தை ஆளை ஏமாற்றும். ரூ.50,000 கடன், ஒரு ரூபாய் வட்டி, 24 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி ரூ.12,000. மொத்தம் 62,000. மாதத் தவணை சுமார் ரூ.2,583. ஆனால் முதல் மாதமே அசலில் கொஞ்சம் திரும்பிவிடுகிறது. கடைசி மாதங்களில் கையில் இருப்பது சில ஆயிரம்தான், வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் இது சுமார் 21.6 சதவீதம். காகிதம் இல்லாமல் மனக்கணக்காகப் போடவும் வழி உண்டு: ஒன்று, இரண்டு வருடத் தவணைக் கடனில், சொல்லப்படும் நேர்வட்டியை (முழு அசலுக்கும் போடும் வட்டியை) 1.8ஆல் பெருக்கினால் உண்மை வட்டி ஏறத்தாழ வந்துவிடும்.

அதோடு முடிவதில்லை. பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ரூ.1,000, அதற்கு ஜிஎஸ்டி ரூ.180, இன்சூரன்ஸ் ரூ.1,000 என்று பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது ரூ.47,820. திருப்பிக் கட்டுவது அதே 62,000. இப்போது உண்மை விகிதம் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 'ஒரு ரூபாய் வட்டி' இப்படித்தான் இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. இந்தப் பிடித்தங்களையெல்லாம் சேர்த்துத்தான் ஆண்டு விகிதத்தைக் காட்ட வேண்டும், இன்சூரன்ஸ் போல மூன்றாம் ஆளுக்குப் போகும் தொகையும் அதில் அடக்கம் என்று விதி சொல்கிறது. எனவே இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது வட்டியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட்டாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர் இரண்டு கேள்வி கேட்கட்டும்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டணும்?

நடைமுறையில் என்ன நடக்கிறது? கொருக்குப்பேட்டையில் ஏதோ ஒரு வீட்டு முன்னறையில் கடன் வாங்கும் குழு கூடுகிறது. கம்பெனித் தம்பி டேப்லெட்டைத் திறந்து ஒவ்வொருவராக விரல் ரேகை வாங்குகிறார். "அக்கா, ஓடிபி வந்துச்சா? சொல்லுங்க, அடுத்தவங்க வெயிட் பண்றாங்க." அக்கா சொல்கிறார். அந்த ஆறு எண்தான் கையெழுத்து. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் போனுக்கு லிங்காக வந்து, திறக்கப்படாமலே கிடக்கும். நிதிக் கல்வி முகாமில் 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று பாடம். கடன் கொடுக்கும் இடத்திலோ ஓடிபியைச் சொன்னால்தான் பணம். இந்த முரணை எந்த முகாமும் தொடுவதில்லை. சொல்ல வேண்டியது எளிது: எண்ணைச் சொல்லுமுன் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாக, வாய்விட்டு, குழு முன்னால் படியுங்கள். கடனுக்கான சம்மதமா, இன்சூரன்ஸுக்கான சம்மதமா என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். குறுங்கடனோடு சேர்த்து வேறெதையும் விற்பதானால் வாங்குபவரின் முழுச் சம்மதம் வேண்டும். கடனுக்கு அது நிபந்தனை ஆகாது.

இன்சூரன்ஸ் எடுத்தே விட்டால் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். யார் உயிருக்குப் பாதுகாப்பு, மனைவிக்கு மட்டுமா கணவருக்கும் சேர்த்தா என்று அதில் இருக்கும். கணவர் இறந்த பிறகும் மாதக்கணக்கில் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அந்தச் சான்றிதழ் பீரோவில்கூட இல்லை. (இந்த இடத்தில் இன்னொன்று: வீட்டில் யாராவது இறந்தால் அவருடைய பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். ரூ.436 பிடித்தம் இருந்தால் ஆயுள் காப்பீடான பிரதமர் ஜீவன் ஜோதி பீமா, ரூ.20 இருந்தால் விபத்துக் காப்பீடான சுரக்‌ஷா பீமா. உயிரிழப்புக்கு இரண்டிலும் தலா ரூ.2 லட்சம் உண்டு. இரண்டாவது விபத்து மரணத்துக்கு மட்டும்.)

தவணை விஷயத்துக்கு வருகிறேன். 2022 விதிப்படி குறுங்கடன் என்பது ஆண்டுக்கு ரூ.3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எல்லாக் கடனும் என்றால் பைக் டியூ, ஃபிரிட்ஜ் டியூ எல்லாம்தான். ரூ.18,000 வருமானமுள்ள வீட்டுக்கு மொத்தத் தவணை 9,000க்குள். இது எங்கே கெடுகிறது தெரியுமா? டேப்பில் வருமானம் 24,000 என்று ஏற்றப்படும் இடத்தில். அப்படி ஏற்றினால் 12,000 வரை இடம் கிடைத்துவிடும், கம்பெனித் தம்பியின் இலக்கும் நிறைவேறும். "என் வருமானம் எவ்வளவுன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்பது கடன் வாங்குபவரின் உரிமை. கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லி நாமே கேட்பதும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம்.

காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களுக்கு இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. கடலுக்குப் போகாதபோது படகுத் தொழிலாளிக்கு மட்டுமின்றி ஐஸ் உடைப்பவர், வலை பின்னுபவர், கூடை வியாபாரம் செய்பவர் எல்லோருக்கும் வரும்படி சுருங்குகிறது. வாரத் தவணை மட்டும் சுருங்குவதில்லை. தடைக்காலத்துக்குள் எட்டு, ஒன்பது தவணை விழுந்துவிடும். முதல் கம்பெனி டியூவுக்காக இரண்டாம் கம்பெனிக் கடன், அதைக் கட்டத் தண்டல் (தினவசூல் வட்டிக் கடன்) என்று சங்கிலி இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. ஆனால் அதே 2022 விதியில், கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை அமைத்துத் தர ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுத்திருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் கடன் எடுக்கும்போதே தடைக்காலத்தைச் சொல்லி, வாரத்துக்குப் பதில் மாதத் தவணை கேட்டு, அட்டவணையை அப்படியே தாளில் எழுதி வாங்க வேண்டும். மே மாதம் போய்க் கேட்டால் அது தாமதமாகிவிடும். பதிவில் 'கட்டத் தவறியவர்' என்று விழுந்திருக்கும்.

வசூலுக்கும் எல்லை உண்டு. குறுங்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூல் முகவர் அழைக்கக் கூடாது. மற்றக் கடன்களுக்கு இது காலை 8, இரவு 7. குறுங்கடன் வசூல், முன்பே குறித்துக்கொண்ட பொது இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு முறையோ மேலோ அங்கே வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். உறவினரிடமோ அக்கம்பக்கத்திலோ அவமானப்படுத்தக் கூடாது. அபராதம் கட்டத் தவறிய தொகைக்கு மட்டும், முழுக் கடனுக்கு அல்ல. குறுங்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமே கிடையாது. கட்டிய ஒவ்வொரு தவணையும் கடன் அட்டையில் (குறுங்கடனோடு கம்பெனி தரும் அட்டை) பதிவாக வேண்டும், கடைசியில் 'கடன் தீர்ந்தது' என்ற பதிவும் வேண்டும். அதிகம் பிசகும் இடம் ஜிபே. கலெக்‌ஷன் தம்பியின் சொந்த நம்பருக்குப் பணம் போடுவார்கள். அவர் வேலையை விட்டுப் போனதும் கம்பெனி, "எங்களுக்கு வரலை" என்று கைவிரிக்கும். கம்பெனி பெயர் தெரிகிற கியூஆருக்கு மட்டுமே போடுங்கள்.

அடுத்தவருக்காகத் தன் பெயரில் கடன் எடுத்துத் தருவது இங்கே சர்வ சாதாரணம். "என் பேர்லதான் எடுத்தேன், கட்டுறது அவ" என்பது குழுவுக்குள் நியாயமாக இருக்கலாம். யார் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று குறித்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் அது முழுக்க முழுக்க உங்கள் கடன். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால் உங்கள் பெயர்தான் கெடும். சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தெரியாத கடன் அதில் இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு.

வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவான எம்.சி. ரோடு பக்கம் 'வட்டியில்லாத் தவணை' போர்டு இல்லாத கடை குறைவு. ரூ.24,000 ஃபிரிட்ஜுக்கு நான்கு தவணையை முன்னாலேயே கட்டச் சொல்லி, மீதி எட்டு என்றால் உண்மையில் உங்கள் கடன் 16,000தான். அதற்கு ரூ.799 பரிசீலனைக் கட்டணம் என்றால், 'வட்டியில்லாக்' கடனின் விலை ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல். ரொக்கமாக வாங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டு அதையும் கூட்டிப் பாருங்கள். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி ஒரு கட்டணம், கடன் கம்பெனி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் பிடிக்கும். சம்பளம் 7ஆம் தேதி வருகிறவர் 5ஆம் தேதி டியூவுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

தண்டலுக்கு மேற்சொன்ன எந்தத் தாளும் கிடையாது. பத்தாயிரம் என்று பேசி 8,500 கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூல். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதிக வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. புகார் போக வேண்டிய இடம் காவல் நிலையம். மக்கள் ஏன் போவதில்லை என்பதும் தெரிந்ததே: நாளைக் காலை ஐந்து மணிக்கு மீன் எடுக்க ஐயாயிரம் தருகிற வேறு ஆள் இல்லை.

நகைக் கடன் பற்றிச் சுருக்கமாக. ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 கெடு. நகையை உங்கள் கண்முன் எடை போட்டு, தரம், மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை எல்லாம் எழுதித் தர வேண்டும். ரூ.2.5 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை. முழுதும் அடைத்த ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பாமல் தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு ரூ.5,000 தர வேண்டும். ஏலம் போனால் மிச்சப் பணம் உங்களுடையது. சேட்டுக் கடைக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே அடகுச் சீட்டுதான் ஆதாரம், மழையில் நனைய விடாதீர்கள்.

இனி புகார். கிளைக்குப் போய்ச் சத்தம் போட்டால் அது புகார் ஆகாது, பதிவில்லை. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், கடன் கணக்கு எண், எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், அது விவரத் தாளில் இல்லை என்ற வரி, என்ன வேண்டும் என்ற வரி. கடன் அட்டையிலேயே குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பும் இருக்கும். அவருக்கு மின்னஞ்சலில், இல்லாவிட்டால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. 30 நாள் ஆகுமுன் அனுப்புவது, வக்கீல் மூலம் அனுப்புவது, அதே விஷயத்தை நீதிமன்றத்திலும் நடத்துவது ஆகியவற்றால்தான் புகார்கள் வாசலிலேயே திரும்புகின்றன. ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் தமிழிலும் விளக்கம் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், ரிசர்வ் வங்கியின் சென்னைக் கட்டடம் ராஜாஜி சாலையில், ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. தபால் புகாரோ சண்டிகருக்குப் போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. வடசென்னைக்கான மாவட்ட ஆணையம் பார்க் டவுனில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எந்த வாசலுக்குப் போவது என்று குழப்பமானால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள்.

சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்பது இவைதாம். தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மண்டலங்களின் இ-சேவை மையங்களில் வாரம் ஒரு நாளாவது குறைதீர்ப்பாளருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் இணையத்தில் புகார் பதிவுசெய்து தரட்டும். வங்கிகள் நடத்தும் முகாம்களில் பேச்சைக் குறைத்து, வந்தவர்கள் கையில் உள்ள கடன் அட்டையையே பாடப் புத்தகமாக்கட்டும். பள்ளிகளில் உள்ள குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினக் கட்டுரைப் போட்டியோடு நிற்காமல், எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சதவீதக் கணக்கில் ஒரு விவரத் தாளை வைத்துச் சொல்லித் தரட்டும்; வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போவது அந்தப் பிள்ளைதான்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. முக்கிய விவரத் தாளின் தமிழ் மாதிரியைக் கால் பக்கத்தில், கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவில் அச்சிடுங்கள். மேலே சொன்ன 50,000 ரூபாய்க் கணக்கையே அதில் நிரப்பலாம். மார்ச் மாதத்தில், தடைக்காலக் கடன்கள் தொடங்குமுன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81